வார்டில் யாராவது திட்டினால் என்ன செய்வது: செவிலியருக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனையிலோ சின்ன நர்சிங் ஹோமிலோ வேலை பார்க்கும் செவிலியருக்காக இதை எழுதுகிறேன். நர்சிங் மாணவர்களுக்கும் பொருந்தும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் தடுமாறுவதை வருடக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் தடுமாறும் இடம் வரிசைதான். திட்டு வாங்கியதும் அழுகையை அடக்கிக்கொண்டு ஷிப்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மூன்றாம் நாள் புகார் எழுத உட்காரும்போது சொன்ன வார்த்தை மறந்திருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரர் டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருப்பார். "அப்பவே ஏன் சொல்லல?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. புது வார்டில் சேர்ந்த முதல் நாளே கேட்டு வைக்க வேண்டியவை

வாக்குவாதம் தொடங்கிய பிறகு போன் நம்பர் தேட முடியாது. செக்யூரிட்டி, டூட்டி டாக்டர், நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட் மூவரின் எண்களும் உங்கள் போனில் இருக்கட்டும். அரசு மருத்துவமனை என்றால் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) எண்ணும், வளாகத்தில் புறக்காவல் நிலையம் இருந்தால் அதன் எண்ணும் வேண்டும். நைட் டூட்டியில் இவர்களில் யார் உண்மையில் போனை எடுப்பார்கள் என்பதையும் சீனியரிடம் கேளுங்கள். ஒட்டியிருக்கும் பட்டியலில் உள்ள எண்ணும், இரவு இரண்டு மணிக்கு எடுக்கப்படும் எண்ணும் பல இடங்களில் வேறு வேறு.

பெரிய தனியார் மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட நேரத்தில் ஆள் கூட்ட மைக்கில் ஒரு 'கோட்' அறிவிப்பார்கள். அதன் பெயர் இடத்துக்கு இடம் மாறும். முந்தைய மருத்துவமனையில் சொன்னதையே இங்கேயும் சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

நடந்த சம்பவத்தைப் பதிவு செய்யும் இன்சிடென்ட் ஃபார்ம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பாருங்கள். என்.ஏ.பி.ஹெச். என்ற மருத்துவமனைத் தர வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை என்றால் இப்படி ஒரு முறை இருந்தாக வேண்டும். நர்சிங் ஹோமில் ஃபார்ம் இல்லையென்றால் வெள்ளைத்தாள் போதும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த மருத்துவமனையிலும் பாலியல் துன்புறுத்தலுக்கான உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவை அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டவும் வேண்டும். அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பாக்கெட்டில் பக்க எண் போட்ட ஒரு சின்ன நோட்டு. எதற்கு என்பது ஆறாவது பகுதியில் புரியும்.

2. திட்டுபவர் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நோயாளி, அட்டெண்டர் (நோயாளியோடு இருக்கும் உறவினர்), டாக்டர் அல்லது மேலதிகாரி, கூட வேலை பார்ப்பவர். இந்த நான்கு பேரில் யார் என்பதைப் பொறுத்து நீங்கள் செய்யும் முதல் வேலையே மாறும். நோயாளி என்றால் முதல் வேலை பரிசோதனை. அட்டெண்டர் என்றால் முதல் வேலை தகவல். டாக்டர் என்றால் முதல் வேலை நோயாளிக்கான ஆர்டரை முடிப்பது, பிறகு அந்த இடத்தை விட்டு வெளியே வந்து பேசுவது. எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. சர்க்கரை இறங்கிப்போய் உளறும் முதியவரிடம் கோபப்படுவார்கள். நன்றாகத் தெரிந்தே கெட்ட வார்த்தை பேசும் மருமகனிடம் பொறுத்துப் போவார்கள்.

3. நோயாளி திட்டினால் முதலில் உடம்பைப் பாருங்கள்

நேற்று வரை "சிஸ்டர், சாப்டீங்களா" என்று கேட்டவர் இன்று கெட்ட வார்த்தையில் கத்துகிறார் என்றால் அதை ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். உடனே ஜி.ஆர்.பி.எஸ். (விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவு) பாருங்கள், ஆக்சிஜன் அளவு பாருங்கள், காய்ச்சல், பி.பி. பாருங்கள். சர்க்கரை குறைவு, ஆக்சிஜன் குறைவு, தலைக்காயம், ரத்தத்தில் தொற்று, கல்லீரல் செயலிழப்பு எல்லாமே மனிதரை இப்படிப் பேச வைக்கும். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஒன்றே போதும். சிறுநீர் அடைத்துக்கொண்டு அடிவயிறு வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குடிப்பழக்கம் உள்ளவர் அட்மிட் ஆன இரண்டாம் நாள், மூன்றாம் நாள் தனிக் கவனம் வேண்டும். கடைசியாகக் குடித்ததிலிருந்து 48 முதல் 96 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது, பயம், வசை எல்லாம் சேர்ந்து வரலாம். இது உயிருக்கே ஆபத்தான நிலை. கை கால்களைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. டூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

கேஸ் ஷீட்டில் மருத்துவத்துக்குத் தேவையானதை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் பதற்றம், என்ன பேசினார், அளவுகள் என்ன, எந்த டாக்டருக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள். நோயால் பேசியது என்று தெரிந்தால் போலீஸ் வழி தேவையில்லை. ஆனாலும் இன்சிடென்ட் ஃபார்ம் போடுங்கள். அடுத்த ஷிப்டில் வருபவர் அந்தப் படுக்கைக்குத் தனியாகப் போகக்கூடாது என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, சுயநினைவோடுதான் பேசுகிறார் என்றால் அடுத்து அட்டெண்டருக்குச் சொல்லும் வழியே இவருக்கும்.

4. அட்டெண்டர் கத்தத் தொடங்கும் முதல் சில நிமிடங்கள்

ட்ரிப்ஸ் முடிந்தும் யாரும் வரவில்லை, ஸ்கேன் தாமதம், ரத்தம் கிடைக்கவில்லை, பில் கூடிவிட்டது, பார்க்க விடவில்லை, உடலைத் தர நேரமாகிறது. சண்டைகள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன. இவற்றில் பாதிக்கும் மேல் செவிலியர் முடிவெடுக்கும் விஷயமே இல்லை. ஆனால் முடிவெடுத்தவர் அங்கே இருப்பதில்லை, நீங்கள் இருக்கிறீர்கள்.

முதலில் நிற்கும் இடம். கை நீட்டினால் எட்டாத தூரத்தில், வாசலுக்கும் உங்களுக்கும் நடுவே அவர் நிற்காதபடி, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். ஊசி ட்ரே, கத்தரிக்கோல் கையில் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். நேருக்கு நேர் நின்றால் சவால் விடுவது போலத் தெரியும். சுவரோரம் மாட்டிக்கொண்டால் தேவைப்படும்போது விலக முடியாது.

அடுத்தது பேச்சு. அவர் ஒருமையில் பேசினாலும் நீங்கள் 'நீங்க' என்றே பேசுங்கள். அண்ணே, ஐயா, அம்மா, தம்பி, அந்த ஊரில் எது இயல்போ அதையே சொல்லுங்கள். உங்கள் கண்ணியத்துக்கும் அது நல்லது, சிசிடிவி பார்ப்பவருக்கும் சாட்சிக்கும் யார் எப்படிப் பேசினார்கள் என்பது தெளிவாக இருக்கும். குரலைத் தாழ்த்துங்கள். முதல் ஒரு நிமிடம் இடைமறிக்காதீர்கள். அவர் மூச்சு வாங்கும்போது ஒரு தகவலைச் சொல்லுங்கள்:

"அண்ணே, அப்பாவுக்கு பி.பி. இப்ப 110. டாக்டர் தியேட்டர்ல இருக்காரு, வந்ததும் முதல்ல உங்களைத்தான் பார்க்கச் சொல்றேன். நான் பத்து நிமிஷத்துல வந்து திரும்ப பி.பி. பார்ப்பேன்."

இதில் ஒரு அளவு, ஒரு ஆள், ஒரு நேரம் இருக்கிறது. "வெயிட் பண்ணுங்க", "எனக்குத் தெரியாது", "டாக்டரைக் கேளுங்க" ஆகிய மூன்றிலும் எதுவுமே இல்லை. பயந்துபோன குடும்பத்துக்கு அந்த மூன்று பதில்களும் கதவைச் சாத்துவது மாதிரிதான். பத்து நிமிடம் என்று சொன்னால் பத்து நிமிடத்தில் போங்கள். போக முடியாத நேரத்தைச் சொல்லாதீர்கள்.

செய்யக் கூடாதவை: "அமைதியா இருங்க" என்று கட்டளை போடுவது, சிரிப்பது, போனைப் பார்ப்பது, டாக்டர் மேல் பழி போட்டுத் தப்பிப்பது, "நாங்க என்ன உங்க வீட்டு வேலைக்காரங்களா" என்று பதிலடி கொடுப்பது. கடைசி வரி நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் நாளைக்குப் புகாரில் "அவங்களும் பேசினாங்க" என்று ஆகிவிடும்.

5. எல்லையை ஒருமுறை சொல்லுங்கள், பிறகு விலகுங்கள்

கோபம் வேறு, வசை வேறு. சத்தம் போடுபவரிடம் பேசிப் பார்க்கலாம். கெட்ட வார்த்தை, சாதியைச் சொல்லித் திட்டுவது, உடம்பைப் பற்றிய பேச்சு, "வெளியே வா, பாத்துக்கறேன்" என்ற மிரட்டல் வந்துவிட்டால் ஒரே ஒருமுறை எல்லையைச் சொல்லுங்கள்:

"உங்க கோபம் புரியுது. ஆனா இந்த வார்த்தை வேண்டாம். திரும்ப பேசினா நான் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுருவேன். அம்மாவை வேற சிஸ்டர் பார்ப்பாங்க."

மறுபடி பேசினால் சொன்னதைச் செய்யுங்கள். மூன்று முறை, நான்கு முறை எச்சரித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் அந்த எச்சரிக்கைக்கு மதிப்பில்லை. அடிப்பேன் என்று மிரட்டினாலோ, குடித்திருந்தாலோ, நான்கைந்து பேர் சூழ்ந்தாலோ எல்லை சொல்லும் கட்டத்தையே தாண்டிவிடுங்கள். உடனே விலகி, ஆள் கூப்பிட்டு, தேவைப்பட்டால் 112 அழையுங்கள்.

விலகுவது வேறு, நோயாளியைக் கைவிடுவது வேறு. போகும்போது இன்னொரு செவிலியரிடம் வாய்மொழியாக ஹேண்டோவர் கொடுங்கள்: எந்த மருந்து ஓடுகிறது, அடுத்த டோஸ் எப்போது, என்ன பாக்கி. யாருக்குக் கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் திட்டியவர் கொடுக்கும் எதிர்ப்புகாரில் "சிஸ்டர் நோயாளியை விட்டுட்டுப் போயிட்டாங்க" என்பதுதான் முதல் வரியாக இருக்கும்.

6. அதே ஷிப்டில் எழுதுங்கள், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள்

முழு வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் எழுதும் அறிக்கை பெரும்பாலும் இப்படி இருக்கும்: "நோயாளியின் உறவினர் என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டினார். மிகவும் மன உளைச்சல் அடைந்தேன். தக்க நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதைப் படிக்கும் சூப்பரிண்டெண்டெண்ட் என்ன செய்ய முடியும்? எந்த வார்த்தை என்று தெரியாது. எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்று போலீசுக்கும் தெரியாது. 'தகாத வார்த்தை' என்று நாகரிகத்துக்காக எழுதுகிறோம். அந்த நாகரிகம் திட்டியவரைத்தான் காப்பாற்றுகிறது.

இப்படி எழுதுங்கள்:

"தேதி, இரவு 9.40. பெண்கள் மருத்துவ வார்டு, 14ஆம் படுக்கை. நோயாளியின் மகன் என்று சொல்லிக்கொண்டவர், சுமார் 30 வயது, நீலச் சட்டை. அம்மாவுக்கு ஊசி ஏன் போடவில்லை என்று கேட்டார். ஊசி 10 மணிக்கு என்று கேஸ் ஷீட்டைக் காட்டிச் சொன்னேன். 'ஏய், உனக்கு சம்பளம் எதுக்குடி' என்றார். பிறகு '……' என்றார். இந்த வார்த்தை வேண்டாம் என்று சொன்னேன். 'டூட்டி முடிஞ்சு வெளியதான வரணும், பாத்துக்கறேன்' என்றார். வார்டு வாசலை மறித்து நின்றார். 9.52க்குச் செக்யூரிட்டி வந்தார். இதனால் 14ஆம் படுக்கைக்கும் 16ஆம் படுக்கைக்கும் 10 மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் 10.25க்குத்தான் போட முடிந்தது. அங்கே இருந்தவர்கள்: …"

புள்ளி வைத்த இடத்தில் அந்தக் கெட்ட வார்த்தையை முழுசாக, அவர் சொன்ன மொழியில், மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். முதல் எழுத்தை மட்டும் போட்டு நட்சத்திரக் குறி போடாதீர்கள். கை நடுங்கும், கூச்சமாக இருக்கும். அது அவருடைய வார்த்தை, எழுதும் கை மட்டும்தான் உங்களுடையது. எழுத முடியவே இல்லையென்றால் கூட இருந்த சக செவிலியரை எழுதச் சொல்லி, நீங்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

மருந்து தாமதமான வரி மிக முக்கியம். மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கும் 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் வன்முறை என்பது அடிதடி மட்டும் இல்லை. பணியில் இருப்பவரை மிரட்டுவதும், பணியைத் தடுப்பதும், இடையூறு செய்வதும் அதில் வரும். வசை உங்கள் பணியை எப்படித் தடுத்தது என்று எழுதினால்தான் அந்தச் சட்டத்துக்குள் வர இடமிருக்கும். எத்தனை மணி வேலை எத்தனை மணிக்கு ஆனது, எந்த நோயாளிக்குத் தாமதமானது என்று குறிப்பிடுங்கள்.

எழுதும் இடத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் பாக்கெட் நோட்டில் நேரமும் வார்த்தையும். ஷிப்ட் முடியும் முன் இன்சிடென்ட் ஃபார்மில் முழுசாக. கேஸ் ஷீட்டில் அட்டெண்டர் சண்டையை எழுதாதீர்கள். அது நோயாளியின் மருத்துவப் பதிவு. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவர்களுக்கு நகல் தர வேண்டிய ஆவணம். மருந்து தாமதமானதை மட்டும் அங்கே நேரத்தோடு குறியுங்கள்.

உங்கள் ஊகங்களை எழுதாதீர்கள். "குடித்திருந்தார்" என்பதைவிட "மது வாசனை வந்தது, தள்ளாடினார்" என்பது வலுவானது.

7. சாட்சியும் சிசிடிவியும்

அன்றே அங்கே இருந்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சக செவிலியர், ஹவுஸ் கீப்பிங் அக்கா, செக்யூரிட்டி, பக்கத்துப் படுக்கை அட்டெண்டர். கடைசியில் சொன்னவர் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் சம்மதித்தால் போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். ஹவுஸ் கீப்பிங் பணியாளர்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் பார்த்தவர் பல நேரம் அவர்தான்.

சிசிடிவி பதிவு பல இடங்களில் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அதனால் "இந்த நாள், இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை, இந்தக் கேமரா, பதிவை எடுத்துத் தனியாகப் பாதுகாக்கவும்" என்று ஒரு வரி எழுதி அன்றோ மறுநாளோ கொடுங்கள். நீங்களே காட்சியை உங்கள் போனில் எடுக்க வேண்டாம். நீதிமன்றத்துக்குப் போனால் சிஸ்டத்தைப் பராமரிப்பவரிடமிருந்து முறையான சான்றிதழோடு அது போக வேண்டும்.

போனில் வீடியோ எடுப்பதைப் பற்றிக் கேட்பார்கள். மற்ற நோயாளிகள் உடை விலகிப் படுத்திருக்கும் வார்டில் வீடியோ எடுத்தால் உங்கள் மேலேயே புகார் வரும். எடுத்ததை வாட்ஸப் குரூப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போட்டால் நிச்சயம் வரும். நோயாளியின் பெயர், நோய், முகம் எதுவும் வெளியே போகக்கூடாது.

8. மேலே கொடுங்கள், கையெழுத்து வாங்குங்கள்

இன்சார்ஜ் சிஸ்டரிடம் வாய்மொழியாகச் சொல்வது தகவல்தான், அதைப் புகார் என்று யாரும் ஏற்கமாட்டார்கள். எழுத்தில் கொடுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து, தேதி, நேரம் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அதே தாளைப் படம் எடுத்து, அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். மின்னஞ்சலில் நேரம் தானாகப் பதிவாகிவிடும்.

'இன்னது செய்யுங்கள்' என்று தெளிவாகக் கேளுங்கள். "தக்க நடவடிக்கை" என்று முடிக்காதீர்கள். அந்த நபரின் அட்டெண்டர் பாஸை ரத்து செய்ய வேண்டும், வேறொரு உறவினர் இருக்கட்டும். டூட்டி முடிந்து பஸ் ஸ்டாப் வரை செக்யூரிட்டி துணைக்கு வர வேண்டும். நிர்வாகமே போலீசில் புகார் கொடுக்க வேண்டும். இப்படி.

கடைசிக் கோரிக்கையை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நிர்வாகம் கொடுத்தால் புகாரில் மருத்துவமனை முகவரி இருக்கும், வழக்கு முழுக்க உங்கள் தலையில் விழாது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியில் இருந்த பெண் டாக்டர் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறை அனுப்பிய சுற்றறிக்கை, பணியில் இருப்பவர் மீது வன்முறை நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். பதிவுக்குப் பொறுப்பு என்றது. அது மத்திய அரசு மருத்துவமனைகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டது. மற்ற இடங்களிலும் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

9. எந்தச் சட்டம், எந்த வழி

எழுதிய வார்த்தைகளை ஒருமுறை படித்துப் பார்த்தால் வழி தெரியும்.

மிரட்டல், பணித்தடை இருந்தால் மேலே சொன்ன 2008 சட்டம், அதாவது தமிழ்நாடு சட்டம் 48. அதில் பதிவு பெற்ற செவிலியரும் நர்சிங் மாணவர்களும் வருகிறார்கள். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, அபராதம். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். இவ்வளவு கடுமையான பிரிவைப் போலீசார் லேசில் போடமாட்டார்கள். தடுக்கப்பட்ட பணியை விவரமாக எழுதச் சொன்னது அதனால்தான்.

பொது இடத்தில் ஆபாச வார்த்தை என்றால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 296. மிரட்டல் 351. பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லோ சைகையோ என்றால் 79. 2024 ஜூலை 1 முதல் இந்த எண்கள்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294, 506, 509 என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு, குழம்ப வேண்டாம். அரசு மருத்துவமனைச் செவிலியர் என்றால் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததற்கான பிரிவு 221ம் இருக்கிறது. பெண்களுக்கு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டமும் உண்டு.

நீங்கள் பட்டியலினத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, அந்தச் சமூகங்களைச் சேராத ஒருவர் பிறர் முன்னிலையில் சாதியைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் 3(1)(எஸ்) பிரிவு வரும். அவர் சொன்ன சாதிப்பெயரை அப்படியே எழுதுங்கள், யார் யார் காதில் விழுந்தது என்பதையும் எழுதுங்கள்.

பாலியல் தொனியுள்ள பேச்சு என்றால் 2013 சட்டம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். ஆறு நகல், சாட்சிகளின் பெயர் முகவரி, ஆதாரங்கள் வேண்டும். 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். விசாரணைக் காலத்தில் இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம். திட்டியவர் ஊழியர் இல்லை, அட்டெண்டர் என்றால்? பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்புக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. நீங்கள் விரும்பினால் போலீஸ் நடவடிக்கையைத் தொடங்க வைப்பதும் அவர் கடமை.

மருத்துவமனை முதலாளியே திட்டியவர், அல்லது பத்துப் பேருக்குக் குறைவான நர்சிங் ஹோம் என்றால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். கலெக்டர் அலுவலக வளாகத்தில் இருக்கும் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள். 181 மகளிர் உதவி எண்ணிலும் கேட்கலாம்.

10. காவல் நிலையத்தில்

தனியாகப் போகாதீர்கள். சாட்சியில் ஒருவர், சங்கப் பொறுப்பாளர் அல்லது வீட்டில் ஒருவர் கூட வரட்டும். புகார் மனு ஒரு பக்கம், அதிகம் போனால் ஒன்றரைப் பக்கம். உங்கள் முழு வேதனையையும் அதில் கொட்டினால் வார்த்தையும் நேரமும் அதற்குள் மூழ்கிவிடும். முகவரி என்ற இடத்தில் மருத்துவமனை முகவரியைக் கொடுங்கள்.

பெரும்பாலும் முதலில் சி.எஸ்.ஆர். ரசீதுதான் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது மனு வந்ததற்கான ரசீது மட்டும். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் உங்களுக்கு இலவசம். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அந்தக் கட்டத்தில் வக்கீல் துணை அவசியம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே வக்கீல் கிடைப்பார்.

11. டாக்டரோ இன்சார்ஜோ திட்டினால்

நோயாளியின் வசையைவிட இதுதான் அதிகம் மறைக்கப்படுகிறது. ரவுண்ட்ஸில் நோயாளி முன்னால் "உனக்கெல்லாம் யார் டிகிரி கொடுத்தது" என்பது, கேஸ் ஷீட்டை வீசுவது, தியேட்டரில் கருவியைத் தட்டிவிட்டுக் கத்துவது. 'அவர் அப்படித்தான், நல்ல சர்ஜன்' என்று சீனியர்களே பழக்கப்படுத்திவிடுகிறார்கள். அப்படிப் பழகிய செவிலியர் தவறான டோஸைப் பார்த்தாலும் வாய் திறந்து கேட்கத் தயங்குவார். திட்டுக்கு விலை கொடுப்பது அப்போது படுக்கையில் இருப்பவர்.

அந்த நேரத்தில் முதலில் நோயாளிக்கான ஆர்டரை முடியுங்கள். "சார், இதை முடிச்சுட்டு ஸ்டேஷன்ல பேசலாம்" என்று சொல்லுங்கள். ஸ்டேஷனில், இன்னொருவர் இருக்கும்போது, வேலைப் பிழை என்ன, பேச்சு என்ன என்று இரண்டையும் பிரித்துப் பேசுங்கள்: "சாம்பிள் லேட்டா அனுப்பினது என் தப்பு சார், இனிமே பார்த்துக்கறேன். ஆனா பேஷன்ட் முன்னாடி அப்படிப் பேசாதீங்க." உங்கள் பக்கம் பிழை இருந்தால் ஒப்புக்கொள்வது புகாரைப் பலவீனப்படுத்தாது. பிழைக்கு மெமோ கொடுக்கலாம், வசைக்கு அது அனுமதி ஆகாது.

ஒருமுறை நடந்தால் நோட்டில் குறியுங்கள். தொடர்ந்தால் தேதிவாரியாகத் தொகுத்து நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டுக்கும் மருத்துவக் கண்காணிப்பாளருக்கும் சேர்த்தே கொடுங்கள். பல செவிலியர் சேர்ந்து கையெழுத்திட்டால் வலு அதிகம். டாக்டர்களின் தொழில் நடத்தை விதிகள் 2002இல், செவிலியப் பணியை ஒரு தொழிலாக மதித்து ஒத்துழைப்பைக் கேட்டுப் பெற வேண்டும் என்று 5.3ஆவது விதியாகவே எழுதியிருக்கிறது. புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். அரசு டாக்டர் என்றால் அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973ம் அவரைக் கட்டுப்படுத்தும்.

தனியார் மருத்துவமனையில் எல்லோருக்கும் இருக்கும் பயம், ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றிதழும் கிடைக்காமல் போய்விடுமோ என்பது. புகார் கொடுக்கும் முன்பே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, டூட்டி ரோஸ்டர், நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகலை வீட்டில் வைத்துவிடுங்கள். மூலச் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்திருந்தால் என்னென்ன கொடுத்தீர்கள் என்பதற்கு எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள்.

12. சமாதானம் பேசக் கூப்பிடுவார்கள்

இரண்டாம் நாள் கூப்பிடுவார்கள். "பாவம், அம்மா சீரியஸ், தெரியாம பேசிட்டான்" என்பார்கள். ஊர்ப் பெரியவரோ கட்சிக்காரரோ வருவார். மன்னிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. அம்மா உயிருக்குப் போராடும் நேரத்தில் பேசியதை மன்னிக்கத் தோன்றினால் மன்னியுங்கள், அதில் குறைவில்லை. ஆனால் அன்றே, அந்த அறையிலேயே முடிவு சொல்லாதீர்கள். ஒருநாள் கேளுங்கள்.

ஒப்புக்கொண்டால் மன்னிப்பை எழுத்தில் வாங்குங்கள். என்ன பேசினேன், இனிப் பேசமாட்டேன் என்று அவர் கைப்பட எழுதி, நிர்வாகம் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். வெள்ளைத்தாளில் உங்கள் கையெழுத்தைக் கேட்டால் போடாதீர்கள். பணம் வாங்காதீர்கள், 2013 சட்டப்படியான சமரசத்தில் பணத்தை அடிப்படையாக வைக்கவே கூடாது. அந்தச் சட்டத்தில் சமரசம் என்பதே நீங்கள் கேட்டால்தான், புகார்க் குழு தானாக அதைத் திணிக்க முடியாது.

13. அடுத்த டூட்டி

முடிந்தால் அதே படுக்கை வேண்டாம் என்று கேளுங்கள். வார்டையே மாற்றச் சொல்லாதீர்கள், கொஞ்ச நாளில் 'பிரச்சினை பண்ணி மாறினவங்க' என்ற பெயர் உங்களுக்கு வரும். மாற வேண்டியவர் அட்டெண்டர். தூக்கம் வரவில்லை, அந்த வார்த்தை காதிலேயே ஒலிக்கிறது, டூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சு படபடக்கிறது என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இன்சார்ஜாக இருப்பவர்களுக்கு இரண்டு வேலை. ஹேண்டோவரில் "14ஆம் படுக்கை அட்டெண்டர் நேற்று வசை, இருவராகப் போகவும்" என்று சேர்ப்பது ஒன்று. திட்டு வாங்கியவரிடம் "நீ என்ன சொன்ன?" என்று தொடங்காமல் "உனக்கு ஒண்ணும் ஆகலையே? உட்காரு, எழுதலாம்" என்று தொடங்குவது இன்னொன்று. பிறகு, மாதத்துக்கு ஒருமுறை இன்சிடென்ட் ஃபார்ம்களைக் கையில் எடுத்து, எந்த வார்டு, எந்த நேரம், எதற்காக என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். பார்வையாளர் நேரம் முடியும்போதா, பில் போடும் நேரமா, ஒரே செவிலியர் முப்பது படுக்கையைப் பார்க்கும் இரவிலா என்பது தெரிந்துவிடும். அந்த நேரத்துக்கு இன்னொரு ஆளும் வாசலில் ஒரு செக்யூரிட்டியும் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கும்போது அந்த ஃபார்ம்களின் நகலைக் கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள்.